கிடந்த கம்பியும் நின்ற கம்பியும்

வானொலிப் பெட்டி வாங்கச் செல்பவர் அதன் விலையை விசாரிப்பார். எத்தனை நிலையங்களை எடுக்கும் என்று கேட்பார். ஒலி கரகரப்பின்றி வருகின்றதா என்று காதை அருகில் வைத்துப் பார்ப்பார். அதன் ஏரியலை எந்தப் பக்கம் திருப்பி வைக்கவேண்டும் என்று கேட்பவர் மிக அரியர். பெட்டியின் மூலையிலே நீட்டவும் மடக்கவும் கூடியதாய் அமைந்த அந்த வெள்ளிநிறக் கோலைச் சிலர் அழகுக்காக நிமிர்த்தி வைப்பர். சிலர் கைபட்டு முறிந்துவிடுமென்று படுக்கவைப்பர். அலுமாரித் தட்டின் உயரம் போதாவிடின் அது குறுக்கே கிடக்கும். கம்பி எப்படிக் கிடந்தாலும் கம்பிதானே என்பது பொதுவான எண்ணம்.

மத்திய அலையிலும் சிற்றலையிலும் செய்தியும் இசையும் கேட்பதோடு ஒருவர் நின்றுவிட்டால் அந்த எண்ணத்தால் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் ஸ்கேனர் எனப்படும் பெட்டியைக் கையில் எடுத்து, கப்பல்களும் விமானங்களும் பேசுகின்ற மிக உயர்ந்த மீடிறன்களைத் தேடத் தொடங்கியவுடன் நிலைமை மாறிவிடுகின்றது. மீடிறன் என்பது அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்னும் கணக்கு. ஸ்கேனர் தேடும் அலைகள் செக்கனுக்குப் பல கோடி முறை அதிர்பவை. அங்கே ஏரியற் கோல் நிற்கின்றதா கிடக்கின்றதா என்பது, செய்தி கேட்கின்றதா இல்லையா என்பதாகவே முடிந்துவிடலாம்.

இதற்குரிய காரணம் ஸ்கேனரின் அமைப்பிலேயே ஒரு பங்கு இருக்கின்றது. சாதாரண வானொலிப் பெட்டி ஒரே நிலையத்தில் நிலைத்து நிற்கும். ஸ்கேனரோ, கொடுக்கப்பட்ட மீடிறன்களில் ஒன்றைவிட்டு ஒன்றிற்குத் தாவித் தாவிச் செவிகொடுத்து, எங்கே பேச்சு உண்டோ அங்கே நிற்கின்றது. பேச்சில்லாத இடங்களில் எழும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க எவராலும் இயலாது. ஆகவே ஸ்குவெல்ச் என்றொரு கதவை அதனுள் வைத்திருக்கிறார்கள். வருகின்ற அலையின் வலு ஓர் எல்லையைத் தாண்டினாற்றான் அந்தக் கதவு திறக்கும். தாண்டாவிடின் பெட்டி மௌனமாக அடுத்த மீடிறனுக்குப் போய்விடும். பழைய பெட்டியில் வலுக்குறைந்த நிலையம் கரகரப்போடாவது கேட்கும். அதைக் கேட்டுக் கேட்பவர் ஏரியலைத் திருப்பிப் பார்ப்பார். ஸ்கேனரில் வலுக்குறைந்த அலை கரகரப்பாகக் கூட வருவதில்லை. அப்படி ஒருவர் பேசியதே தெரியாமற் போகின்றது. கேட்பவர், கடலில் எவரும் பேசவில்லை என்று முடிவுகட்டுவார். அந்த முடிவு தவறென்று அவருக்கு உணர்த்த எதுவுமில்லை.

கோலின் கிடப்பு ஏன் இவ்வளவு பெரிய காரியமாகின்றது என்பதை அறிய, வானொலி அலை எவ்வாறு அதிர்கின்றது என்று பார்க்கவேண்டும். நீண்ட கயிறொன்றின் ஒரு முனையைத் தூணிற் கட்டி, மறுமுனையைக் கையிற் பிடித்து மேலுங் கீழுமாக உதறினால், நெளிவொன்று கயிற்றின் வழியே ஓடித் தூணை அடைகின்றது. நெளிவு ஓடுவது தூணை நோக்கி. கயிறு அசைவதோ மேலுங் கீழுமாக. இடமும் வலமுமாக உதறினால் அசைவும் இடமும் வலமுமாகின்றது. ஓடுந் திசை இரண்டிலும் ஒன்றே. அசையுந் திசைதான் வேறு. வானொலி அலையிலும் இப்படியே. அங்கே அசைவது கயிறன்று, மின்விசையின் புலம். நிமிர்ந்து நிற்கும் ஏரியலிலிருந்து புறப்பட்ட அலையில் மின்புலம் மேலுங் கீழுமாக அதிரும்; கிடையாகப் படுத்த ஏரியலிலிருந்து புறப்பட்டதில் அது பக்கவாட்டில் அதிரும். இந்த அதிர்வுத் திசையையே முனைவாக்கம் என்று பௌதிக நூல்கள் சொல்கின்றன. முதல்வகையை நிலைக்குத்து முனைவாக்கம் என்றும், இரண்டாம் வகையைக் கிடை முனைவாக்கம் என்றும் வழங்குவர்.

வாங்கும் ஏரியல் செய்வது மிக எளிய வேலை. அலையின் மின்புலம் கம்பியிலுள்ள இலத்திரன்களைத் தள்ளுகின்றது. அவை கம்பியின் நீளத்தில் முன்னும் பின்னும் ஓட, அந்த ஓட்டமே பெட்டிக்குள் மின்னோட்டமாகப் பாய்கின்றது. புலம் கம்பியின் நீளத்தோடு ஒத்துத் தள்ளினால் இலத்திரன்களுக்கு ஓட இடமுண்டு. கம்பிக்குக் குறுக்கே தள்ளினால், அவை கம்பியின் தடிப்பளவே நகரமுடியும்; அதனாற் பெட்டிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இதை முதன்முதலிற் கண்முன் நிறுத்திக் காட்டியவர் ஜேர்மனி நாட்டு விஞ்ஞானி ஹைன்ரிச் ஹேர்ட்ஸ். மின்காந்த அலைகள் உண்டென்று மக்ஸ்வெல் 1860களிற் கணிதத்தாற் கூறியிருந்தார். அவற்றைக் கார்ல்ஸ்ரூகே நகரத்துத் தொழினுட்பக் கல்லூரியிலே உண்டாக்கிக் காட்டிய ஹேர்ட்ஸ், 1888ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பரிசோதனைத் தொடரை வெளியிட்டார். நாகத் தகடுகளைப் பரவளைவாக வளைத்து, ஆளுயரத்திற்கு மேற்பட்ட இரு ஆடிகள் செய்தார். ஒன்றின் நடுவே அலையை உண்டாக்கும் பொறி. மற்றதன் நடுவே அலையை வாங்கும் கம்பி. அலை வந்து சேர்ந்ததற்கு அடையாளம், வாங்கும் கம்பியின் சிறு இடைவெளியில் தோன்றும் மிக நுண்ணிய தீப்பொறி ஒன்றே. மரக்கதவை அடைத்துவைத்தாலும் பொறி தோன்றியது. அடுத்து அவர் வாங்கும் ஆடியை மெல்லச் சாய்த்தார். சாயச் சாயப் பொறி மங்கியது. அனுப்பும் ஆடி நிமிர்ந்திருக்க, வாங்கும் ஆடி முற்றாகப் படுத்தபோது பொறி அடங்கிவிட்டது. இரண்டு ஆடிகளும் நேருக்குநேர் மிக அருகில் இருந்தபோதும் அப்படியே.

அத்தோடு அவர் விடவில்லை. இரண்டு மீற்றர் உயரமும் இரண்டு மீற்றர் அகலமும் உள்ள எண்கோண மரச்சட்டத்தில், ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பிகளை மூன்று சதமமீற்றர் இடைவிட்டு இணையாகக் கட்டினார். அந்தச் சட்டத்தை இரண்டு ஆடிகளுக்கும் நடுவே நிறுத்தினார். கம்பிகள் நிமிர்ந்து, அலையின் மின்புலத்தோடு ஒரே திசையில் நின்றபோது, அலை அப்பாற் செல்லவில்லை. சட்டத்தைத் திருப்பிக் கம்பிகளைக் குறுக்காக வைத்தபோது, தடையே இல்லாததுபோல அலை கடந்து சென்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பள்ளிப் பாடங்களில் முனைவாக்கத்தை விளக்குவதற்குக் கயிற்றையும் படலையையும் உதாரணங் காட்டுவது வழக்கம். நிமிர்ந்த பனைச் சலாகைகளாலான படலையின் ஊடாகக் கயிற்றைச் செலுத்தி மேலுங் கீழுமாக உதறினால் நெளிவு கடந்து செல்லும். பக்கவாட்டில் உதறினால் சலாகையில் முட்டி நிற்கும். கயிற்றுக்கு இது சரி. வானொலி அலைக்கோ நேர்மாறு. நிமிர்ந்த கம்பிகள் நிமிர்ந்த அலையைக் கடக்க விடுவதில்லை. அதன் வலுவைத் தாமே வாங்கித் திருப்பி எறிந்துவிடுகின்றன. படலை உதாரணத்தை மனத்தில் ஊன்றிக்கொண்டு ஏரியல் கட்டப் புகுந்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. எந்தக் கம்பி அலையை வாங்கக்கூடியதோ அந்தக் கம்பியே அதைத் தடுக்கவும் கூடியது என்று கொள்வதே பொருத்தம். நிமிர்ந்த இரும்புத் தூணுக்கு அருகில் நிமிர்ந்த ஏரியலை நாட்டினால் ஒரு பக்கத்து நிலையங்கள் நலிந்து கேட்பதற்கும் இதுவே காரணம்.

ஹேர்ட்ஸின் கடைசிச் சோதனை இன்னும் அழகியது. அனுப்பும் ஆடி நிமிர்ந்தும் வாங்கும் ஆடி படுத்தும் இருக்க, பொறி இல்லை. நடுவே அந்தச் சட்டத்தைக் கம்பிகள் சாய்வாக, பாதிக் கோணத்தில் இருக்கும்படி நிறுத்தியவுடன், இறந்துபோன பொறி மீண்டும் பிறந்தது. சாய்ந்த கம்பிகள் நிமிர்ந்த அலையிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சாய்ந்த அலையாக்கி அனுப்ப, அந்தச் சாய்வில் ஒரு கூறு படுத்த ஏரியலுக்கும் கிடைத்தது. வீட்டுக்குள்ளே ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு இது வெறும் சரித்திரமன்று. கூரை இரும்பு, யன்னற் கம்பி, மின்சார வயர் ஆகியவை எல்லாம் ஹேர்ட்ஸின் சாய்ந்த சட்டம்போல அலையைத் திருப்புகின்றன. அதனால் வெட்டவெளியில் நிமிர்ந்து வந்த அலை வீட்டின் உட்பகுதியிற் பலவிதமாகச் சாய்ந்து கிடக்கும். அங்கே எந்தக் கோணம் நன்று என்று கணக்குப் பார்ப்பதிலும், கோலைத் திருப்பித் திருப்பிக் கேட்பதே விரைவான வழி. பெட்டியை ஒரு முழம் அப்பால் நகர்த்துவதும் சில வேளைகளில் அதே பலனைத் தரும்.

ஹேர்ட்ஸுக்குச் சில ஆண்டுகள் பின்னர் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ் இந்த ஆராய்ச்சியை மிகக் குறுகிய அலைகளுக்குக் கொண்டுசென்றார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் சில மில்லிமீற்றரிலிருந்து இரண்டு மூன்று சதமமீற்றர் வரையே. கருவி எல்லாம் மேசைமேல் அடங்கின. பிராட்ஷோ என்ற இரயில் நேர அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதையே முனைவாக்கம் செய்யும் கருவியாக அவர் பயன்படுத்தினார். பின்னர், 1898இல், முறுக்கிய சணற் கற்றைகளினூடாக அலையைச் செலுத்தி, வலப்பக்கம் முறுக்கியது அலையின் அதிர்வுத் திசையை ஒருபுறமும், இடப்பக்கம் முறுக்கியது மறுபுறமும் திருப்புவதைக் காட்டினார். வங்காளத்துச் சணலை வைத்து இயற்கையின் நுண்ணிய இயல்பொன்றைக் காட்டிய அந்தச் சோதனை இன்று பாடநூல்களில் உரிய அளவு பேசப்படுவதில்லை.

இனிக் கணக்கிற்கு வரலாம். வாங்கும் கம்பி அலையின் அதிர்வுத் திசையோடு முற்றும் ஒத்திருந்தாற் கிடைக்கும் வலுவை ஒன்று என்று கொண்டால், 30 பாகை சாய்ந்தபோது முக்காற் பங்கு கிடைக்கும். 45 பாகையில் அரைப் பங்கு. 60 பாகையிற் காற்பங்கு. 90 பாகையிற் கணக்கின்படி ஒன்றுமேயில்லை. ஆனால் உலகத்தில் எதுவும் அவ்வளவு துப்புரவாக நடப்பதில்லை. சுற்றுப்புறத்திற் பட்டுத் திரும்பி வரும் அலைகளாற் சிறிது மிஞ்சும். பொதுவாக அது நூறில் ஒரு பங்கு அளவில், பொறியியலாளர் சொல்லும் 20 டெசிபெல் இழப்பாக இருக்கும். இந்தக் கணக்கில் உள்ளத்தைத் தொடவேண்டிய செய்தி, சிறு சாய்வு பெருந்தீங்கன்று என்பதும், முழுக் குறுக்கு பெருந்தீங்கு என்பதுமாகும். திரும்பும்போது 45 பாகை சாய்கின்ற விமானத்தின் குரல் பாதி வலுவிழந்தும் கேட்கும். மேசைமேற் படுத்துக் கிடக்கும் கோலுக்கு அதே விமானம் நேராகப் பறக்கும்போதுங் கேளாது போகலாம்.

நூறில் ஒரு பங்கு என்பதன் பொருளை இன்னொரு விதத்திலும் அளக்கலாம். திறந்த வெளியில் தூரம் பத்து மடங்காகும்போது அலையின் வலு நூறில் ஒன்றாகின்றது. ஆகவே ஏரியலைக் குறுக்கே போட்டவர், 5 கிலோமீற்றர் அப்பாலுள்ள ஒருவரைத் தாமாகவே 50 கிலோமீற்றர் அப்பால் தள்ளிவைத்தவர் ஆகிறார்.

எந்த அலை நிற்கும், எந்த அலை கிடக்கும் என்பது அனுப்புவோரின் வசதியைப் பொறுத்தது. அந்த வசதியின் காரணங்களை அறிந்தவர் பட்டியலை மனனஞ் செய்யவேண்டியதில்லை. மத்திய அலை நிலையங்கள் உயர்ந்த கோபுரத்தையே ஏரியலாகக் கொண்டு நிலைக்குத்து அலையை விடுகின்றன. நிலம் மின்சாரத்தைக் கடத்துவதால், நிலத்தோடு ஒட்டிச் செல்லும் கிடை அலை விரைவில் அழிந்துபோகும். நிமிர்ந்த அலையே நிலத்தைத் தழுவி நெடுந்தூரம் போகும். இந்த அலையை வாங்கும் சிறு பெட்டிகள் வெளியேயுள்ள கோலைப் பயன்படுத்துவதே இல்லை. உள்ளேயுள்ள பெரைற்றுக் கோல் அலையின் காந்தப் பகுதியை வாங்குகின்றது. ஆதலால் மத்திய அலை கேட்கும்போது திருப்பவேண்டியது கோலையன்று, பெட்டியை.

சிற்றலையின் கதை வேறு. அது வானத்தின் அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி வருவது. அங்கே பூமியின் காந்தப் புலம் அலையின் அதிர்வுத் திசையை முறுக்கிவிடுகின்றது. புறப்படும்போது கிடையாக இருந்தது, வந்து சேரும்போது எந்தச் சாய்விலும் இருக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறவும் செய்யும். தென்னைமரங்கள் இரண்டுக்கு இடையே கிடையாகக் கட்டிய செப்புக் கம்பியில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த சிற்றலை நன்றாகக் கேட்டதற்கும், அதே ஒலி உப்பி உப்பி மெலிந்ததற்கும் இந்த முறுக்கலும் ஒரு காரணம். கம்பி எப்படிக் கிடந்தாலும் கம்பிதானே என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியது சிற்றலைக் காலத்திலேயாகும் என்று கருத இடமுண்டு.

ஸ்கேனர் தேடும் மிக உயர்ந்த மீடிறன்கள் பொதுவாக அயன மண்டலத்திற்குப் போய்த் திரும்புவதில்லை. அனுப்பும் ஏரியலிலிருந்து வாங்கும் ஏரியலுக்குப் பெரும்பாலும் நேர்கோட்டிலே வருகின்றன. புறப்பட்ட சாய்விலேயே வந்து சேர்கின்றன. வாகனத்திலும் படகிலும் எத்திக்கும் ஒரேயளவாக அலையை விடவேண்டும். நிமிர்ந்த கோலொன்று அதைச் சுலபமாகச் செய்கின்றது. கிடைக் கோல் தன் இரு முனைகளின் திசையில் ஒன்றும் விடுவதில்லை. வாகனம் திரும்புந்தோறும் பேச்சு அறுந்துபோகும். இதனாற் கப்பலும், வாடகை மோட்டாரும், அம்புலன்சும், 118 மெகாஹேர்ட்ஸுக்கு மேற் பேசும் விமானங்களும் நிமிர்ந்த அலையையே கையாள்கின்றன. அதே விமானங்களுக்கு வழிகாட்டும் நிலையங்கள் 108 தொடக்கம் 118 மெகாஹேர்ட்ஸ் வரை இருக்கின்றன. அவை கிடை அலையை விடுகின்றன. ஆகவே வழிகாட்டி நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர், சற்று மேலேறி விமானியின் குரலைத் தேடும்போது, கோலையும் நிமிர்த்த வேண்டியவராகிறார்.

தொலைக்காட்சியில் இரண்டுங் கலந்தே வளர்ந்தன. 1936இல் இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து தொடங்கிய சேவை நிமிர்ந்த அலையில் அமைந்தது. அமெரிக்கா கிடை அலையைத் தேர்ந்தது. மோட்டார் எஞ்சின் முதலியவற்றால் எழும் இரைச்சல் நிமிர்ந்த ஏரியலையே அதிகம் தாக்கும் என்பது கிடை அலைக்குச் சார்பாகச் சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. 1955இல் இங்கிலாந்தின் ரோதம் நிலையத்திலிருந்து தொடங்கிய பண்பலை ஒலிபரப்பும் அவ்வாறே கிடையாக அமைந்தது; வீட்டுக் கூரையில் ஏரியல் கட்டிக் கேட்பதே அக்காலத்தோர் மனத்தில் இருந்த காட்சி. பின்னர் மக்கள் மோட்டார் வண்டியிலுங் கைப்பெட்டியிலும் கேட்கத் தொடங்கினர். அவற்றின் கோல்களோ நிமிர்ந்தவை. நிலையங்கள் கிடை அலையோடு நிமிர்ந்த அலையையும் சேர்த்து அனுப்பவேண்டியதாயிற்று. கேட்போர் திரும்ப மறுத்தபோது ஒலிபரப்பே திரும்பிய அபூர்வமான சம்பவம் அது.

இதுவரை சொன்ன அலைகள் ஒரு சாய்வில் நிலைத்து நிற்பவை. திருகாணிபோலச் சுழன்றுகொண்டே முன்னேறும் அலையும் உண்டு. அதற்கு வட்ட முனைவாக்கம் என்று பெயர். செயற்கைச் சந்திரன் தானும் சுழல்கின்றது; அதன் அலை அயன மண்டலத்தைக் கடக்கையில் முறுக்கவும் படலாம். நிமிர்வு எது, கிடப்பு எது என்று பூமியிலிருப்பவர் எப்படி அறிவது? சுழலும் அலைக்கு அந்தத் தொல்லையில்லை. சாதாரண நேர்க்கம்பி எந்தச் சாய்விலிருந்தாலும் அதிற் சரிபாதியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கின்றது. அலை வலமாகச் சுழன்றால், சுழல் அலைக்கென்று செய்த ஏரியலும் வலச் சுழற்சிக்கு உரியதாயிருக்க வேண்டும். இடச் சுழற்சிக்கு உரியதாயின் ஏறக்குறைய ஒன்றும் வாங்காது.

இந்த நிபந்தனை 1962இல் உலகறிய ஒரு பாடம் புகட்டியது. அவ்வாண்டு ஜூலை 10ஆந் தேதி அமெரிக்காவிலிருந்து தெல்ஸ்ரார் என்ற செய்தித் தொடர்புச் சந்திரன் ஏவப்பட்டது. ஏறத்தாழ 77 கிலோகிராம் நிறையுள்ள அந்தக் கோளத்தினூடாக, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து தொலைக்காட்சிப் படம் அனுப்புவதென ஏற்பாடு. மேயின் மாநிலத்தின் அண்டோவரிலிருந்து படம் புறப்பட, பிரான்சின் பிளெமெர்-போடூ நிலையமும் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலுள்ள கூன்ஹில்லி நிலையமும் காத்திருந்தன. கூன்ஹில்லியில் 26 மீற்றர் விட்டமுள்ள பெரும் தட்டு ஏரியல். ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட நிறை. முதல் இரவிலே பிரான்சிற் படம் கண்ணாடிபோலத் தெளிவாக வந்தது. கூன்ஹில்லியிலோ மங்கலான உருவமொன்று தோன்றி மறைந்தது. தட்டு சந்திரனைச் சரியாகத் தொடர்ந்தது, பெருக்கிகளும் சரி. தவறு ஏரியலின் வாயிலிருந்த சிறு பகுதியொன்றில் இருந்தது. அது எதிர்ச் சுழற்சிக்கு உரியதாகப் பொருத்தப்பட்டிருந்தது.

அதன் காரணம் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. அலை வலமாகச் சுழல்கின்றதா இடமாகவா என்பது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. அலை போகும் திசையைப் பார்த்துச் சொல்வது வானொலிப் பொறியியலாளர் வழக்கம். அலை வரும் திசையைப் பார்த்துச் சொல்வது ஒளியியல் நூல்களின் பழைய வழக்கம். ஒருவருக்கு வலம் மற்றவருக்கு இடம். ஒரு சொல்லின் இரு பொருளே அத்தனை பெரிய தட்டு ஏரியலைச் செவிடாக்கியது. சிறு பகுதியைத் திருப்பிப் பொருத்தியதும், அடுத்த நாளே கூன்ஹில்லி நன்றாக வேலை செய்தது.

தொலைக்காட்சிப் படம் ஓரிரவு மங்கினால் இழப்பு மானத்தோடு போகும். கடலில் அப்படியன்று. உலகமெங்கும் கப்பல்களும் படகுகளும் குரலால் ஆபத்தை அறிவிப்பதற்கென 156.8 மெகாஹேர்ட்ஸ் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அதைப் பதினாறாம் அலைவழி என்பர். 1999 பெப்ரவரி தொடக்கம் பெருங் கப்பல்களுக்குத் தாமாக அழைக்கும் கருவிகள் கட்டாயமாக்கப்பட்ட பின்னரும், பதினாறாம் வழிக்குச் செவிகொடுக்கும் வழக்கம் கைவிடப்படவில்லை. படகில் உள்ள கருவி கூடிய அளவாக 25 வாற்று வலுவில் அனுப்பும். ஏரியல் நிமிர்ந்து நின்றால் அது 25 வாற்று. கொடிக்கம்பம் முறிந்தோ, கட்டு அவிழ்ந்தோ ஏரியல் படகின் மேற்றளத்திற் படுத்துக் கிடந்தால், கரையிலுள்ள நிமிர்ந்த ஏரியலுக்கு அது கால் வாற்று அனுப்பியதற்குச் சமம். ஆபத்து நேரத்தில் ஏரியல் சாய்ந்து கிடப்பதே வழமை என்பதை நினைக்க, இக்கணக்கு கடுமையானது.

அதற்கு மேல் உயரமும் போகின்றது. இந்த அலைகள் அடிவானத்துக்குச் சற்று அப்பால் வரையே செல்லும். ஏரியலின் உயரத்தை மீற்றரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆற் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். படகில் 4 மீற்றர் உயரத்திலுள்ள ஏரியலுக்கு அது ஏறக்குறைய 8 கிலோமீற்றர். கரையில் 100 மீற்றர்க் கோபுரத்துக்கு 41 கிலோமீற்றர். இரண்டுஞ் சேர்ந்து 49. படகின் ஏரியல் நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே கிடந்தால் அந்த 49 என்பது 45 ஆகின்றது. இது பெரிய நட்டமன்று. கிடந்த கோலினால் வரும் நூறில் ஒரு பங்கு என்னும் நட்டமே பெரியது. ஆகவே உயர்த்த முடியாவிடினும் நிமிர்த்துவது பயன் தரும். கைக்கருவி வைத்திருப்பவர், களைப்பினாற் படுத்துக்கொண்டு பேசினாலும், கருவியின் கோல் வானத்தை நோக்கியிருக்கும்படி பிடித்துக்கொள்ளவேண்டும். படகு அலையில் 30 பாகை ஆடினாற் போவது காற்பங்குதான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கரையிலிருந்து கேட்பவருக்கும் வேலையுண்டு. பிறர் பேசுவதைக் கேட்பதற்குரிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஸ்கேனர் வாங்குமுன் அவற்றை அறிந்துகொள்வது முதற் கடமை. ஏரியலுக்குப் பெருஞ் செலவு தேவையில்லை. 300ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீற்றரில் வரும். அதிற் காற்பங்கே கோலின் நீளம். பதினாறாம் வழிக்கு அது 48 சதமமீற்றர். விமானங்களின் ஆபத்து மீடிறனாகிய 121.5க்கு 62 சதமமீற்றர். அத்தகைய கோல்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, இடையிற் சிறு இடைவெளி விட்டு, அவ்விடைவெளியில் வயரின் உட்கம்பியை மேற்கோலிலும் வெளியுறையைக் கீழ்க்கோலிலும் இணைத்தால் ஏரியல் ஆயிற்று. அந்த வயர் ஏரியலோடு ஒட்டிக் கீழே தொங்கலாகாது. கோலுக்குச் செங்கோணமாக ஒரு மீற்றராவது விலகிச் சென்றபின் இறங்கவேண்டும். ஒட்டித் தொங்கும் வயரும் ஒரு நிமிர்ந்த கம்பிதான். ஹேர்ட்ஸின் சட்டத்துக் கம்பிகள் செய்ததையே அதுவுஞ் செய்யும். பல மீடிறன்களையும் ஒருங்கே தேட விரும்புவோருக்கு, மேலே தட்டுப்போலவும் கீழே குடைபோலவும் கம்பிகள் விரிந்த டிஸ்கோன் என்ற வகை தகுந்தது. அதுவும் நிமிர்ந்த அலைக்கு உரியதே.

கட்டி முடித்தபின் ஸ்குவெல்ச் கதவை முற்றாகத் திறந்துவிட்டு, இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு, தூரத்திலுள்ள நிலையமொன்றைப் பிடித்துப் பார்க்கவேண்டும். ஏரியலை மெல்லச் சாய்க்கையில் குரல் மெலிந்து இரைச்சல் மேலோங்குவதும், நிமிர்த்துகையிற் குரல் எழும்புவதும் காதுக்கு நன்றாகத் தெரியும். குரல் எங்கே மிகத் தெளிவோ அங்கே ஏரியலை இறுக்கிக் கட்டியபின், கதவை இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் மூடவேண்டும். அதற்கு மேல் ஒரு நூலளவும் மூடலாகாது.